பதினோராம் பக்கத்துப் பன்றி

அடிலெய்ட்
3 ஜூன் 1997

அன்புள்ள திருமதி நோலீன் ட்ரெம்பத்,

'எங்கள் ஊரில் யார் என்ன செய்கிறார்கள்?' ஒருவழியாக அச்சாகி வந்துவிட்டது. உங்களுக்கு ஒன்று, உங்கள் மகள் டீகனுக்கு ஒன்று என இரண்டு பிரதிகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். டீகன் இந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்திருப்பாள். நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கான புத்தகம் இது. சரியான வயதில் அவள் கைக்கு வருகிறது.

ஜனவரியில் இரண்டு நாள் உங்கள் லாரியில் என்னை ஏற்றிக்கொண்டு போனதற்கு மறுபடியும் நன்றி. செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் வேலையையும் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்று பதிப்பகத்தைச் சம்மதிக்க வைக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. டாக்டர், தபால்காரர், ரொட்டி சுடுபவர் என்று இந்த வகைப் புத்தகங்களில் வழக்கமாக வருகிறவர்களோடு இப்போது நீங்களும் இருக்கிறீர்கள். பதினோராம் பக்கம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஓவியர் எல்லாரையும் விலங்குகளாக வரைந்திருக்கிறார். இப்போது அதுதான் வழக்கம். நீங்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். லாரி மிக அழகாக வந்திருக்கிறது.

உங்கள் கணவர் டாரிலின் முதுகு இப்போது தேவலையா?

இப்படிக்கு,
ரோசலிண்ட் ஹெய்க்


போர்ட் கென்வில்
11 ஜூன்

ரோசலிண்ட்,

புத்தகம் வந்தது. பார்சலைப் பிரிக்க டீகன் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லார் முன்னாலும்தான் பிரிப்பேன் என்றாள். அவர்கள் வகுப்பில் புதன்கிழமைதோறும் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுபோய்க் காட்டிப் பேசுவார்கள். ஐந்து மாதமாக அவளுக்கு ஒரே பேச்சுதான்: "எங்கம்மா புக்ல வரப்போறாங்க."

இன்றைக்கு நானும் போயிருந்தேன். கடைசியில் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மிஸ் ப்ரூக் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். டாக்டர் ஆந்தை. தபால்காரர் கங்காரு. ரொட்டி சுடுகிறவர் கரடி. தீயணைக்கிறவர் நாய். டீச்சர் அன்னம். அப்புறம் பதினோராம் பக்கம்.

பன்றி.

லாரி என் லாரிதான், இடது கதவின் நசுங்கல் உட்பட. புள்ளி போட்ட தலைத்துணி என்னுடையது. மஞ்சள் கையுறை என்னுடையது. எல்லாம் நீங்கள் கேமராவில் எடுத்துக்கொண்டு போனவை. மூஞ்சி மட்டும் பன்றி. இந்த ஊரில் இருப்பது நானூறு பேர், ஒரு பச்சை லாரி. அது யார் என்று கண்டுபிடிக்க ஆந்தை டாக்டர் வர வேண்டியதில்லை.

முன்வரிசையில் ஒருத்தி, "டீகனோட அம்மா பன்னி!" என்றாள். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும், ஐந்து வயது. டீகன் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டாரிலின் முதுகு போனதிலிருந்து ஒன்பது வருஷமாக இந்த லாரியை நான் ஓட்டுகிறேன். என் மேல் என்னவெல்லாமோ தெறித்திருக்கிறது. இன்றைக்கு வந்த அருவருப்பு இதுவரை வந்ததில்லை.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். முயன்று பார்த்தேன், முடியவில்லை. ஒரே கேள்வி. பன்றி என்று முடிவு செய்தது யார்?

நோலீன்

டாரிலின் முதுகு அப்படியேதான் இருக்கிறது.


அடிலெய்ட்
20 ஜூன்

அன்புள்ள நோலீன்,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் கோபப்படுவது நியாயம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். எழுதுகிறவரும் வரைகிறவரும் சந்தித்துக்கொள்வதில்லை. நான் எழுதியது பதிப்பாசிரியர் ஃபிலிப்பாவுக்குப் போகும். அவர் அதை ஓவியருக்கு அனுப்புவார். ஓவியர் சிட்னியில் இருக்கிறார். அவருடைய குரலைக்கூட நான் கேட்டதில்லை.

விலங்குகள் எதற்கு என்று கேட்பீர்கள். மனிதர்களை வரைந்தால் டாக்டருக்கு என்ன நிறம், குப்பை அள்ளுகிறவருக்கு என்ன நிறம் என்று தீர்மானிக்க வேண்டும். எப்படித் தீர்மானித்தாலும் யாராவது கேள்வி கேட்டுக் கடிதம் போடுவார்கள். விலங்கென்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று பதிப்பகம் நினைக்கிறது. கோழைத்தனம், வேறொன்றும் இல்லை.

உண்மையில் இந்தப் புத்தக வரிசையே எனக்குக் குமட்டுகிறது. பதினாறு புத்தகங்கள் எழுதிவிட்டேன். ஒன்றிலும் யாருக்கும் வேர்ப்பதில்லை, முதுகு வலிப்பதில்லை. மீன் வெட்டுகிறவர் கையில் ரத்தம் இல்லை. கறிக்கடைக்காரரின் கறி எங்கிருந்து வருகிறது என்று நான் எழுதிய வரியை வெட்டிவிட்டார்கள். எல்லாரும் காலையில் சிரித்துக்கொண்டே போய் மாலையில் சிரித்துக்கொண்டே திரும்புகிறார்கள். உங்கள் பக்கத்தில், உங்களுக்கு நோலா என்று பெயர் வைத்து, நான் எழுதியிருந்தது இது: 'நோலா குழாயை இறக்குகிறாள். எல்லார் வீட்டுக் கழிவையும் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகிறாள்.' அச்சில் வந்திருப்பது: 'உர்ர்ர் உர்ர்ர், நோலா வந்தாள், எல்லாம் பளபள!' எது பளபள, முன்பு என்னவாக இருந்தது என்று ஒரு குழந்தைக்கும் தெரியப்போவதில்லை.

ஃபிலிப்பாவுக்குக் கடுமையாக எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன். டீகனுக்கு என்னுடைய வேறு இரண்டு புத்தகங்கள் அனுப்பட்டுமா? அவற்றில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ரோசலிண்ட்


போர்ட் கென்வில்
2 ஜூலை

ரோசலிண்ட்,

நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் எழுதியது மூன்று பக்கம். மூன்று பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. டேங்க் மூடி எங்கே என்று கேட்டால் ரோஜாச் செடியைக் காட்டுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் மூடிக்கு மேலேதான் ரோஜா வைத்திருப்பார்கள்.

வேறு புத்தகம் வேண்டாம்.

இங்கே நடப்பதைக் கேளுங்கள். ஆகஸ்டில் புத்தக வாரம். பிள்ளைகள் புத்தகத்தில் வருகிறவர்களைப் போல வேஷம் போட்டுக்கொண்டு பள்ளியிலிருந்து படகுத்துறை வரைக்கும் ஊர்வலம் போவார்கள். இந்த வருஷம் டீகனின் வகுப்பு முழுக்க உங்கள் புத்தகம்தான். யாருக்கு என்ன வேஷம் என்று மிஸ் ப்ரூக் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டாள். டீகனுக்கு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நேரே போய்க் கேட்டேன்.

"அவ அம்மாவோட பக்கத்த வேற பிள்ளைக்குக் குடுக்க முடியுமா நோலீன்? அந்தப் பெருமை அவளுக்குத்தானே!"

"மூக்குல அட்டையை ஒட்டிக்கிட்டு ஊர் முழுக்க நடக்கிறது பெருமையா?"

"பன்னி ரொம்ப சுத்தமான பிராணி. தெரியுமா உங்களுக்கு?"

"அப்போ அத நீங்க மாட்டிக்கோங்க. டீகன் அன்னமா வரட்டும்."

அவள் சிரித்தாள். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள். நல்ல பெண். அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். உங்களையும் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடப் போகிறார்களாம்.

முன்பெல்லாம் பள்ளி வாசலில் லாரி நின்றதும் டீகன்தான் ஹார்ன் அடிப்பாள். அடித்துவிட்டுத்தான் இறங்குவாள். போன வாரத்திலிருந்து, "மூலையிலேயே நிறுத்தும்மா, நான் நடந்து போயிக்கிறேன்" என்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நிறுத்துகிறேன்.

இன்னொன்று. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இங்கே விடுமுறை வீடுகளுக்கு பிளம்பர் போனால் சமையலறைக்குக் கூப்பிட்டு டீ கொடுப்பார்கள். கரண்ட் வேலைக்குப் போகிறவருக்குக் கேக்கும் கிடைக்கும். எனக்கு வேலிக் கம்பத்தின் மேல் ஒரு கப் இருக்கும். நான் கிளம்பியதும் அந்தக் கப் குப்பைத் தொட்டிக்குள் விழும் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் பிளாஸ்கில் என் டீயை நானே கொண்டுபோகிறேன். அதை யாருக்கும் கொடுத்ததில்லை. உங்களுக்குக் கொடுத்தேன். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, புதுக் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். நீங்கள் லாரிக்குப் பின்னால் போய் ஒரு புதரடியில் கொட்டினீர்கள்.

லாரிக்குப் பின்பக்கம் காட்டும் பெரிய கண்ணாடி உண்டு, ரோசலிண்ட். நடுவில் உட்கார்ந்திருந்த டீகனும் பார்த்தாள். ஏன் கொட்டினாங்க என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொன்னேன் என்பது என் விஷயம்.

மறுபடியும் கேட்கிறேன். பன்றி என்றது யார்?

நோலீன்


அடிலெய்ட்
14 ஜூலை

நோலீன்,

நான்தான்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலங்கைச் சொல்லும்படி பதிப்பகம் என்னைத்தான் கேட்டிருந்தது. உங்கள் ஊரிலிருந்து திரும்பிய அன்றைக்கே அந்தப் பட்டியலை எழுதினேன். இரண்டாம் நாள் குழாய் இணைப்பு கசிந்து என் வலது ஷூவில் பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, "பழகிடும்" என்று சிரித்தீர்கள். வரும் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்துக் குப்பைத் தொட்டியில் இரண்டு ஷூவையும் போட்டுவிட்டு வெறுங்காலோடு காரை ஓட்டிவந்தேன். வீட்டில் தலைக்கு மூன்று முறை ஊற்றிக்கொண்டேன். பிறகு மேஜைக்குப் போனேன்.

தபால்காரருக்கு என்ன விலங்கு என்று பத்து நிமிடம் யோசித்தேன். ரொட்டி சுடுபவருக்கு இரண்டு முறை அடித்து எழுதினேன். டீச்சருக்கு அன்னம், என் அம்மா டீச்சர். உங்கள் வேலைக்கு நேரே எழுதும்போது பேனா நிற்கவே இல்லை.

படங்கள் அச்சுக்குப் போகும் முன் என்னிடம் வந்தன. அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தேன். கதவின் நசுங்கலைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாரே என்று பாராட்டி எழுதி அனுப்பினேன். இவ்வளவையும் செய்துவிட்டு ஓவியர் மேலும் பதிப்பகத்தின் மேலும் பழியைப் போட்டு உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். அவற்றை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. உங்கள் வேலையைச் சேர்க்கச் சண்டை போட்டது பொய்யில்லை. இந்த உழைப்பை மதிக்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசியிருப்பதும் பொய்யில்லை. டீயைக் கொட்டியதும் அதே ஆள்தான்.

ஃபிலிப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை மாற்ற வேண்டும் என்றேன்.

"நாலாயிரம் பிரதி வெளிய போயாச்சு ரோஸ். பிள்ளைங்களுக்குப் பன்னின்னா உயிர். இதுல யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"டீகன்னு ஒரு குழந்தைக்கு."

"ஒரு குழந்தைதானே. அவளுக்கு நான் ஒரு பொம்மை அனுப்பறேன்."

பன்றிப் பொம்மை. வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

இனி இந்த வரிசையில் எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டேன். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்று தெரியும். பள்ளியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. வர இயலாது என்று எழுதிவிடுகிறேன். என் முகத்தை அங்கே காட்டாமல் இருப்பது ஒன்றுதான் நான் செய்யக்கூடிய உருப்படியான காரியம்.

ரோசலிண்ட்


போர்ட் கென்வில்
22 ஜூலை

ரோசலிண்ட்,

உங்கள் கடிதத்தை லாரியில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். அப்புறம் கையைக் கழுவினேன்.

வராமல் இருப்பது யாருக்கு உருப்படியான காரியம்? உங்களுக்கு. மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைக்கிறவர்களால்தான் எனக்குப் பிழைப்பே நடக்கிறது. நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

வாருங்கள். எனக்கு எழுதியதை வகுப்பில் சொல்லுங்கள். நான் அந்தக் கடிதத்தை டீகனுக்குப் படித்துக் காட்ட முடியாது. நான் சொன்னால் அம்மா சமாதானம் சொல்கிறாள் என்று நினைப்பாள். எழுதினவர் வாயால் வர வேண்டும், அதுவும் சிரித்த பிள்ளைகள் எல்லார் காதிலும் விழ வேண்டும். பரிசுப் பொருள் எதுவும் கொண்டுவராதீர்கள். அழாதீர்கள். பன்றி சுத்தமான பிராணி என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

டாரிலுக்கு இதில் இஷ்டமில்லை. "வேணாம்டி. அந்தப் பொம்பள வந்தா இதையும் ஒரு புக்கா எழுதிடுவா" என்றான்.

"எழுதட்டும். இந்தத் தடவ தனக்கு என்ன மூஞ்சி வச்சுக்கிறான்னு பாப்போம்" என்றேன்.

நேற்று டீகன் அட்டை மூக்கை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. பழகிக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அவள் நன்றாகப் பழகுவதற்கு முன்னால் வாருங்கள்.

நோலீன்


அடிலெய்ட்
1 ஆகஸ்ட்

நோலீன்,

வருகிறேன். 22ஆம் தேதி காலைப் பேருந்து. ஊர்வலத்துக்கு முன்பு வகுப்பில் பேசப் பத்து நிமிடம் வேண்டும் என்று மிஸ் ப்ரூக்குக்கு எழுதிவிட்டேன். எதைப் பற்றி என்று எழுதவில்லை.

முப்பது வருடமாகக் குழந்தைகளுக்காக எழுதுகிறேன். குழந்தைகளிடம் பேசப் பயமாக இருப்பது இதுவே முதல் முறை.

ரோசலிண்ட்


போர்ட் கென்வில்
27 ஆகஸ்ட்

ரோசலிண்ட்,

வெள்ளிக்கிழமை உங்களுக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. சரியாகப் பேச முடியவில்லை. அதனால் இது.

நீங்கள் தரையில் உட்கார்ந்து கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவீர்கள் என்று நினைத்திருந்தேன். நல்லவேளை, நின்றுகொண்டே, கோர்ட்டில் சொல்வது போலச் சொன்னீர்கள். "டீகனோட அம்மாவப் பன்னியா வரையச் சொன்னது நான்தான். அவங்க வேலை எனக்கு அருவருப்பா இருந்துச்சு. அது அவங்க தப்பு இல்ல. என் தப்பு." மிஸ் ப்ரூக் முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் அன்றைக்குப் பன்னி என்று கத்தினாளே, அவளே கை தூக்கினாள்.

"அப்போ உங்க வீட்டுல கக்கூஸ் இல்லையா?"

"இருக்கு."

"அத யாரு வந்து எடுப்பாங்க?"

அதுவரை உம்மென்று இருந்த டீகன்தான் பதில் சொன்னாள். "சிட்டில குழாய்லயே போயிடும். எங்க போகுதுன்னு அவங்களுக்கே தெரியாது."

அதற்குப் பிறகு உங்களை ஒருவரும் சீண்டவில்லை. எல்லாக் கேள்வியும் அவளுக்குத்தான்.

"உள்ள யாராச்சும் விழுந்திருக்காங்களா?"

"ஆள் விழல. பல்செட் விழுந்திருக்கு."

"யாரோடது?"

"அம்மா சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

பின்னால் நின்றுகொண்டிருந்த தலைமையாசிரியருக்கு அப்போது இருமல் வந்ததை நீங்கள் கவனித்தீர்களா?

அட்டை மூக்கை அவள் மேஜையிலேயே விட்டுவிட்டு ஊர்வலத்துக்கு வந்தாள். டாரிலின் பழைய ஓவராலை வெட்டித் தைத்துத் தயாராக வைத்திருந்தேன். அதை மாட்டிக்கொண்டு, டேங்க் மூடியைத் தேடுகிற என் இரும்புக் கம்பியையும் தூக்கிக்கொண்டாள். வழியில் இருந்த ஒரு புல்வெளியை விடாமல் குத்திப் பார்த்துக்கொண்டே போனாள். அவளுக்காக ஆந்தை டாக்டர் மூன்று தடவை நின்று காத்திருக்க வேண்டியதாயிற்று.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மீன்பிடிச் சாமான் கடையில் ஒரு ஆள் என்னைப் பார்த்தால் இன்னமும் 'உர்ர்ர்' என்கிறான். பள்ளி நூலகத்துப் பிரதியை எடுத்தால் தானாகப் பதினோராம் பக்கத்தில்தான் திறந்துகொள்கிறது. அத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமையும் டீகன் மூலையில்தான் நிறுத்தச் சொன்னாள். நேற்று மூலை வந்தது, அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் வேகத்தைக் குறைக்கவில்லை. வாசலில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஹார்னை அடித்துவிட்டு இறங்கினாள்.

இனி டீ விஷயம்.

ஜனவரியில் நீங்கள் கொட்டியதைப் பார்த்து அவள் ஏன் என்று கேட்டபோது, "சக்கரை போடல இல்ல, அதான்" என்று சொல்லிவைத்தேன். அதோடு நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. பேக்கரிக்குப் போகும்போதெல்லாம் டீ குடிப்பவர்களுக்காக மேஜையில் வைத்திருக்கும் குட்டிச் சர்க்கரைப் பொட்டலங்களில் ஒன்றை எடுத்து லாரியின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டுவைத்திருக்கிறாள். ஏழு மாதமாக. அந்தப் புத்தகம் வந்து, பன்றியைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. படகுத்துறையில் லாரிப் பக்கத்தில் நின்று நான் உங்களுக்கு டீ ஊற்றியதும் அவள் அந்தப் பெட்டியைத் திறந்தாளே, அப்போதுதான் எனக்கே தெரியும்.

"இந்தத் தடவ சக்கரை இருக்கு மிஸ். எத்தன வேணும்?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அன்றைக்கு உண்மை பேசுகிற ஆவேசத்தில் இருந்தீர்கள், இதையும் உடைத்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். வகுப்பில் சொன்னது அவளுக்குப் போதும். இது வேண்டாம்.

"மூணு" என்றீர்கள்.

நீங்கள் சர்க்கரையே தொடாதவர். ஜனவரியில் வந்த முதல் நாளே பேக்கரியில் பார்த்திருக்கிறேன். மூன்றையும் அவளே கிழித்துப் போட்டு அவளே கலக்கினாள், கம்பியைப் பிடித்திருந்த கையால். கப்பைத் தலைகீழாகக் கவிழ்க்கிற வரைக்கும் குடித்தீர்கள். முகம் சுளித்தது. சர்க்கரையாலா, வேறெதனாலா என்று நான் கேட்கப் போவதில்லை.

கீழே கொட்டவில்லை.

நோலீன்